ஆதிச்சநல்லூர் தாழிக்காடும் களத்து அருங்காட்சியகமும்

தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் அமைந்த சிற்றூர் ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில் இவ்வூர் உள்ளது. ஊரை ஒட்டி 114 ஏக்கர் பரப்பில் ஒரு மேட்டுநிலம் விரிந்து கிடக்கிறது. ஊர்மக்கள் அதனைப் பறம்பு என்பர். இறந்தோரைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்த இரும்புக்கால ஈமக்காடு அது. தென்னிந்தியாவில் அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று.

பழைய ஆங்கில ஆவணங்களில் இவ்வூர் ஆதித்தநல்லூர் என்றும் எழுதப்பட்டுள்ளது. 1876ஆம் ஆண்டு முதலே அறிஞர் உலகிற்கு இவ்விடம் தெரியும். மொகஞ்சதாரோவில் முதல் மண்வெட்டி விழுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே தாழிகள் வெளிவந்துவிட்டன. ஆயினும் கிடைத்த பொருள்கள் பெர்லினுக்கும் பாரிசுக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தன. அவை கிடைத்த இடத்தில், வருவோர் பார்ப்பதற்கென்று, 2023 வரை முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. ஆதிச்சநல்லூரைப் பார்க்கச் செல்வோர் இந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு செல்வது நல்லது. மண்ணுக்குள் இருந்த பொருளை எடுப்பது வேறு, இருந்த நிலையோடு அதை அறிவது வேறு. இந்த வேறுபாட்டை இவ்வூரைப்போலத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது.

இடத்தின் அமைப்பு

திருநெல்வேலியிலிருந்து வரும்போது செய்துங்கநல்லூர், கருங்குளம் ஆகிய ஊர்களைக் கடந்து செல்ல வேண்டும். வழிநெடுக வயலும் வாழைத்தோட்டமும் தொடர்ந்து வரும். பிறகு திடீரெனப் பசுமை விலகி, வெண்ணிறக் கற்கள் சிதறிய சரளை மேடு தோன்றும். அதுவே பறம்பு. நெடுஞ்சாலை மேட்டை ஊடறுத்தே செல்கிறது. திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கும் நவதிருப்பதிக் கோயில்களுக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் மூவாயிரம் ஆண்டுப் பழமையான இடுகாட்டின் மேல் பயணம் செய்கிறோம் என்பதை அறியாமலே கடந்து போகிறார்கள்.

இடுகாட்டுக்கு இந்த மேட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அங்கே நின்று பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும். ஆற்றங்கரைத் தாழ்நிலம் நெல்லுக்கு உரியது. வெள்ளம் வந்தால் மூழ்கவும் கூடியது. சரளை மேட்டில் பயிர் விளையாது, தண்ணீரும் ஏறாது. உயிரோடிருப்பவர்களுக்கு விளைநிலம், இறந்தவர்களுக்கு மேட்டுநிலம் என்று பிரித்துக்கொண்ட மக்கள் நிலத்தின் இயல்பை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். தாழி வைப்பதற்கான குழியைத் தோண்டுவதும் அங்கே எளிய வேலையாக இருந்திராது. சரளையையும் அதன் கீழே உள்ள பாறையையும் வெட்டிக் குடைந்தே குழி எடுத்திருக்கிறார்கள். கடினமான நிலத்தில் இவ்வளவு குழிகளை வெட்ட இரும்புக் கருவிகள் கை கொடுத்திருக்கும். அத்தகைய கருவிகள் தாழிகளோடு கிடைத்தும் உள்ளன.

முதுமக்கள் தாழி என்னும் பெயர்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இத்தாழிகளைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. முற்காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயதாக ஆகச் சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அவர்களை உணவும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் உயிரோடு இறக்கி மூடிவிடுவார்களாம். பாட்டிமார் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த பலர் இன்றும் இதை வரலாறு என்றே நம்புகின்றனர்.

தாழிகளில் கிடைத்த எலும்புகள் இக்கதையை ஆதரிக்கவில்லை. சில தாழிகளில் முழு உடலும் குந்த வைத்த நிலையில் இடப்பட்டிருந்தது. வேறு சிலவற்றில் மண்டையோடும் ஒரு சில எலும்புகளும் மட்டுமே இருந்தன. அதாவது உடல் வேறெங்கோ சிதைந்த பின், எஞ்சிய எலும்புகளைத் திரட்டி எடுத்து வந்து தாழியில் இட்டிருக்கிறார்கள். முன்னதை முதல்நிலைப் புதைப்பு என்றும் பின்னதை இரண்டாம் நிலைப் புதைப்பு என்றும் தொல்லியலாளர் கூறுவர். ‘முதுமக்கள்’ என்ற சொல்லுக்கு இங்கே முன்னோர் எனப் பொருள் கொள்வதே பொருத்தம். ஆய்வு நூல்கள் ஈமத்தாழி என்னும் சொல்லையே மிகுதியும் கையாள்கின்றன.

கதை எங்கிருந்து பிறந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கிணறு வெட்டும்போதோ சரளை தோண்டும்போதோ தாழி உடைந்து, குந்தியிருக்கும் எலும்புக்கூடும் அதன் அருகே சிறு கலங்களும் தென்பட்டால், பார்த்தவர் மனத்தில் அப்படி ஒரு கதை உருவாவது இயல்பே. மக்கள் கண்டது உண்மை, அதற்குச் சொன்ன விளக்கம் கற்பனை.

சங்க இலக்கியத்தில் தாழி இடம்பெறுகிறது. புறநானூற்றின் 228ஆம் பாடல் சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அவ்வளவு பெரிய புகழுடையவனுக்கு எவ்வளவு பெரிய தாழியை வனைவாய் என்று குயவனை நோக்கிப் புலவர் கேட்கிறார். 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவனிடம் வேண்டுகிறாள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய காதை, சுடுதல், வெட்டவெளியில் இடுதல், குழியில் புதைத்தல் முதலிய ஐந்து முறைகளைச் சொல்லி, தாழியால் கவித்தலையும் அவற்றோடு சேர்க்கிறது. ஆதிச்சநல்லூரில் ஒரு தாழியின் வாய்மீது இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடிய புதைப்புகள் கிடைத்திருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. இந்த இலக்கியங்கள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. வழக்கம் நீண்ட காலம் தொடர்ந்தது என்பதற்கு அவை சான்றாகும். இங்கே புதைக்கப்பட்டவர்களின் பெயரையோ மொழியையோ அவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

பெர்லினுக்குப் போனவை

1876ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் என்பவர் மாவட்ட ஆட்சியருடனும் மாவட்டப் பொறியாளருடனும் இங்கு வந்தார். இவர் தேர்ந்த பயணி. பிலிப்பைன்ஸ் நாட்டைப் பற்றி இவர் எழுதிய பயண நூல் அந்நாட்டு விடுதலை வீரர் ஹோசே ரிசாலின் சிந்தனையைத் தூண்டிய நூல்களுள் ஒன்று. உலகம் சுற்றி, பெர்லின் அருங்காட்சியகத்துக்காக இனவரைவியல் பொருள்களைத் திரட்டுவது அவருடைய பணி. ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த மண்கலங்கள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள் ஆகியவற்றை அவர் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த லூயி லாப்பிக் என்பவரும் வந்து சிலவற்றைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார்.

அக்காலத்தில் இதைத் திருட்டு என்று யாரும் கருதவில்லை. மாவட்ட ஆட்சியரே உடன் வந்தார் என்பதே அதற்குச் சான்று. இன்று பார்க்கும்போது இழப்பு இரண்டு வகையாகத் தெரிகிறது. பொருள்கள் நாட்டை விட்டுப் போனது ஒன்று. எந்தத் தாழியில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து ஒரு பொருள் இருந்தது என்ற செய்தி பதிவாகாமல் போனது மற்றொன்று. பெர்லினில் உள்ளவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அது நிறைவேறினாலும் இரண்டாவது இழப்பை ஈடுகட்ட முடியாது.

அலெக்சாண்டர் ரீயின் அகழாய்வு

முதன்முதலில் திட்டமிட்டு அகழாய்வு செய்தவர் சென்னை மாகாணத் தொல்லியல் துறையின் கண்காணிப்பாளராக இருந்த அலெக்சாண்டர் ரீ. பல்லவர் கட்டடக்கலை, சாளுக்கியர் கட்டடக்கலை ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியவர் இவரே. 1899 முதல் 1905 வரை இடையிடையே அவர் இங்கு தோண்டினார். தாமிரபரணிக் கரையோரம் இத்தகைய பழமையான இடங்கள் 38 இருப்பதையும் அவர் பதிவு செய்தார். ஆதிச்சநல்லூரிலும் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த பெரும்பேரிலும் கிடைத்த பொருள்களின் பட்டியல் 1915இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியே நூலாக வெளிவந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் இந்த நூலைப் புரட்டாமல் ஆதிச்சநல்லூரைப் பற்றி எழுத முடிவதில்லை. தாழிகள் நெருக்கமாக உள்ள பகுதியில் ஒரு ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாழிகள் இருக்கக்கூடும் என்பது ரீயின் மதிப்பீடு.

அவர் எடுத்தவை ஆயிரத்துக்கு மேல். அவற்றுள் பார்வையாளர் கண்ணை முதலில் கவர்வன பொன் நெற்றிப்பட்டங்கள். காகிதம்போல் மெல்லிய பொற்தகட்டை நீள்வட்டமாக வெட்டி, புள்ளிகளாலும் கோடுகளாலும் அணிசெய்து, இரு முனைகளிலும் துளையிட்டிருக்கிறார்கள். நூல் கோத்து நெற்றியில் கட்டுவதற்கான துளைகள் அவை. அன்றாடம் அணிந்தால் கிழிந்துவிடக்கூடிய அளவுக்குத் தகடு மெல்லியது. ஆகவே இறந்தவருக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

ஆனால் ஆதிச்சநல்லூரின் பெருமை பொன்னை விட வெண்கலத்தில்தான் இருக்கிறது. மூடியின் உச்சியில் எருமை நிற்கும் கலங்கள், மான், ஆடு, சேவல், புலி, யானை, பறவைகள் என உருவங்கள் அமைந்த அணிகள், அடியில் துளைகள் இட்ட வடிகட்டிக் கிண்ணங்கள், ஒரு சிறு பெண்ணுருவம் ஆகியவை கிடைத்தன. அந்தப் பெண்ணுருவத்தைத் தாய்த்தெய்வம் எனப் பலர் கொள்வர். எருமையின் கொம்பு வளைவைக் கவனித்தால் அதைச் செய்த கைவினைஞர் ஆற்றங்கரையில் அவ்விலங்கை நாள்தோறும் பார்த்தவர் என்பது புரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வெண்கலத்தில் ஆயுதம் இல்லை. வாள், ஈட்டி, அம்பு, மண்வெட்டி போன்ற ஆயுதங்களும் கருவிகளும் இரும்பால் ஆனவை. அணிகளும் அழகுக் கலங்களும் வெண்கலத்தால் ஆனவை. ரீ இதனைக் குறிப்பிட்டுள்ளார். முதலில் வெண்கலக் காலம், அதன்பின் இரும்புக் காலம் என்று பாடநூலில் வரிசையாகப் படித்த மாணவருக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே இரண்டும் ஒரே காலத்தில், ஆளுக்கொரு வேலையைப் பங்கிட்டுக்கொண்டு புழக்கத்தில் இருந்தன.

இக்கலங்களில் சிலவற்றின் உலோகத்தை ஆய்ந்தபோது, வெள்ளீயம் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல் இருப்பது தெரிந்தது. வெள்ளீயம் மிகுந்தால் வெண்கலம் பொன்போல மின்னும், தட்டினால் மணிபோல ஒலிக்கும். அதே சமயம் குளிர்ந்த நிலையில் சுத்தியால் அடித்தால் நொறுங்கிப் போகும். செந்தணலாகக் காய்ச்சிய நிலையிலேயே அடித்து, பிறகு தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். கேரளத்தில் சில கைவினைஞர்கள் அண்மைக்காலம் வரை இம்முறையில் கலங்கள் செய்து வந்தனர். தென்னாட்டில் வெள்ளீயம் கிடைப்பது அரிது. அப்படியானால் அந்த உலோகம் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். யார் கொண்டு வந்தார்கள், எதைக் கொடுத்து வாங்கினார்கள் என்னும் கேள்விகள் இன்னும் ஆய்வுக்குரியவை. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த பாண்டியரின் துறைமுகமான கொற்கை இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்கு 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 அளவில் கணிக்கப்பட்டது.

தாழிக்குள் சிறு கலங்களில் நெல் உமி, தினை வகைத் தானியம் ஆகியவற்றின் எச்சங்களும் இருந்தன. பொன்னும் வெண்கலமும் ஒரு சில தாழிகளில்தான் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மண்கலங்களும் இரும்புப் பொருள்களுமே. அந்த மண்கலங்களில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சுடப்பட்டவை மிகுதி. கறுப்பு சிவப்பு மட்கலம் என்று இவ்வகையைக் கூறுவர்.

ரீயின் பட்டியலில் ஒரு குறை உண்டு. பொன், வெண்கலம், இரும்பு, மண் எனப் பொருள்வகைப்படியே அது வகுக்கப்பட்டுள்ளது. ஒரே தாழியில் ஒன்றாக இருந்தவை எவை என்று இன்று மீட்டெடுப்பது கடினம். செல்வர் யார், எளியவர் யார், ஆணுக்கு என்ன வைத்தார்கள், பெண்ணுக்கு என்ன வைத்தார்கள் என்று கேட்டால் அந்நூலால் முழு விடை தர இயலவில்லை. அவர் காலத்து முறை அதுவே. அவரைக் குறை கூறுவதை விட, அவர் பதிவு செய்திராவிட்டால் இவையும் கிடைத்திரா என்பதை நினைப்பதே நியாயம்.

மண்டையோட்டு ஆய்வுகள்

ரீ எடுத்த மண்டையோடுகளைப் பின்னாளில் உடற்கூற்று அறிஞர்கள் அளந்தனர். சோலி சுக்கர்மேன் எழுதிய ஆய்வு 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. 1963இல் சட்டர்ஜி, குப்தா ஆகிய இருவரின் அறிக்கை வெளிவந்தது. 2004க்குப் பிறகு கிடைத்த எலும்புகளையும் ஆய்ந்து, உலகின் பல இனத்தார் இங்கே வாழ்ந்தனர் என்று விழுக்காட்டுக் கணக்கோடு சொல்லப்பட்டது. இணையத்தில் இச்செய்தி மிகவும் பரவியிருக்கிறது. மாணவர்கள் இதை அப்படியே எடுத்து எழுதுவது சரியன்று. மண்டையோட்டின் நீள அகலத்தைக் கொண்டு மனிதரை இனவாரியாகப் பிரிக்கும் முறையை இன்றைய மானிடவியல் பெரிதும் கைவிட்டுவிட்டது. ஒரே குடும்பத்திலேயே தலையின் வடிவம் மாறுபடும். துறைமுகத்துக்கு அருகே உள்ள ஊரில் பல நாட்டார் வந்து போயிருக்கலாம் என்பது நம்பத்தக்கதே. அதை மண்டையோட்டு அளவால் நிறுவ முடியாது என்பதே இங்கு சொல்ல வேண்டியது.

நூறாண்டு இடைவெளியும் காலக்கணிப்பும்

ரீக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பறம்பில் பெரிய அகழாய்வு எதுவும் நடக்கவில்லை. 2004ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டக் கண்காணிப்பாளர் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் தோண்டினர். சிறு பரப்பிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. சில இடங்களில் பழைய தாழிக்கு மேல் பிற்காலத் தாழி என அடுக்கடுக்காக அவை அமைந்திருந்தன. பல தலைமுறைகள் ஒரே இடுகாட்டைப் பயன்படுத்தியதன் அடையாளம் இது.

அப்போது கிடைத்த ஒரு தாழியின் ஓட்டுத்துண்டு தனித்துப் பேசத்தக்கது. மண்ணை உருட்டி ஒட்டிப் புடைப்புருவங்களாக ஒரு காட்சியை அதில் அமைத்திருக்கிறார்கள். ஒல்லியாக உயர்ந்த ஒரு பெண், அருகே நெற்பயிர், பயிரின்மேல் ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. பொன் நெற்றிப்பட்டத்தைப் பார்த்து மலைப்பவர்கள் இந்த ஓட்டைக் கவனிக்காமல் போய்விடக்கூடும். தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த ஒருவர் தம் ஆற்றங்கரையையே மண்ணில் உருவாக்கி வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது அது. தாழி ஒன்றில் பழந்தமிழ் எழுத்து காணப்பட்டதாக அன்று செய்தி வந்தது. அது உறுதிப்படவில்லை.

காலத்தைப் பற்றிய செய்தியும் இப்படித்தான் அலைக்கழிந்தது. 3,800 ஆண்டுப் பழமை என்று அப்போது நாளிதழ்கள் எழுதின. ஆனால் முழு அறிக்கை வெளிவராமலே ஆண்டுகள் கடந்தன. மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்கு தொடரப்பட்டு, நீதிமன்றம் வலியுறுத்திய பிறகுதான் மாதிரிகள் அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குக் காலக்கணிப்புக்கு அனுப்பப்பட்டன. ஒரு மாதிரி கி.மு. 905, மற்றொன்று கி.மு. 696 என்னும் முடிவு 2019இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒரு அகழாய்வின் முடிவை அறிய ஊர்மக்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது வருந்தத்தக்கதே.

இரண்டு மாதிரிகளைக் கொண்டு 114 ஏக்கர் இடுகாட்டின் முழு ஆயுளையும் அளந்துவிட முடியாது. அவை தொடக்கத்தையும் காட்டவில்லை, முடிவையும் காட்டவில்லை. கி.மு. முதலாயிரத்தின் முற்பகுதியில் இங்கே தாழிகள் புதைக்கப்பட்டன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஆற்றுக்கு வடக்கே உள்ள சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்த தாழியிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சிவகளையில் இரும்பின் பழமை கி.மு. மூவாயிரத்தை எட்டுகிறது என்று 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இம்முடிவு உலக அளவில் விவாதிக்கப்பட்டு வருகிறது. பக்கத்து ஊர்த் தாழியின் காலத்தை ஆதிச்சநல்லூருக்கு ஏற்றிச் சொல்வது சிலரிடம் காணப்படும் தவறு. ஒவ்வொரு இடத்துக்கும் அதனதன் மாதிரியே சான்று.

களத்து அருங்காட்சியகம்

2020 பிப்ரவரியில் ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், களத்திலேயே அருங்காட்சியகம் அமைத்து மேம்படுத்தப்படும் ஐந்து தொல்லியல் இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஹரியானாவின் ராக்கிகடி, உத்தரப்பிரதேசத்தின் அஸ்தினாபுரம், அசாமின் சிவசாகர், குஜராத்தின் தோலாவிரா ஆகியவற்றோடு ஆதிச்சநல்லூரும் இடம்பெற்றது. அதே காலத்தில் மாநிலத் தொல்லியல் துறை இங்கும் சிவகளையிலும் கொற்கையிலும் அகழ்ந்தது. இறந்தோரின் இடம் மட்டுமே தெரிந்திருந்த நிலை மாறி, மக்கள் குடியிருந்த பகுதியின் தடயங்களும் தென்படத் தொடங்கின. 2021 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழாய்வைத் தொடங்கியது. 2022இல் ஒரு பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தது. ரீக்குப் பிறகு நூற்றாண்டு கடந்து கிடைத்த பட்டம் அது. இம்முறை அது எந்தக் குழியில், எவற்றோடு இருந்தது என்பதும் சேர்ந்தே பதிவானது.

2023 ஆகஸ்ட் 5 அன்று களத்து அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெரிய அருங்காட்சியகக் கட்டடம் ஒன்றுக்கு அன்றே அடிக்கல்லும் நாட்டப்பட்டது.

களத்து அருங்காட்சியகம் என்றால் பொருளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதன்று. தோண்டிய குழியை மூடாமல், தாழிகளை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, மேலே கண்ணாடித் தளம் பரப்பிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். பார்வையாளர் அந்தக் கண்ணாடியின் மேல் நடந்து கீழே பார்க்க வேண்டும். முதன்முறை செல்வோர் சிலர் காலை வைக்கத் தயங்குவர். கண்ணாடி தாங்கும் என்று தெரிந்தாலும், காலடியில் ஈமத்தாழி இருப்பதை உடல் வேறுவிதமாக உணர்கிறது போலும். கீழே தாழிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. சிலவற்றின் விளிம்பு உடைந்திருக்கிறது. சில மேல்மண்ணின் பாரத்தால் நெரிந்து, ஓடுகள் உள்நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. அருகே சிறு கலங்கள்.

இங்கே பொன் கிடையாது, பளபளப்பும் கிடையாது. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது. புதையலை எதிர்பார்த்துப் போனால் பானையைப் பார்த்துத் திரும்பிவிட்டோம் என்ற ஏமாற்றம் உண்டாகும். பார்க்க வேண்டியது அமைப்பை. தாழிகளுக்கிடையே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், குழியின் பக்கச் சுவர் சரளையா பாறையா, சிறு கலங்கள் தாழிக்கு உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா, மேல் அடுக்குத் தாழிக்கும் கீழ் அடுக்குத் தாழிக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனித்தால் நேரம் போவதே தெரியாது. யாகோர் வந்துபோன காலத்தில் பதிவாகாமல் போன செய்திகள் எவை என்பதும் அப்போது தானாகவே விளங்கும்.

பொன் பட்டங்களையும் எருமை மூடிக் கலங்களையும் காண விரும்புவோர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். ரீ எடுத்தவை அங்கே உள்ளன. மாநில அரசு திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகத்தை அமைத்துள்ளது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களில் மாநிலத் தொல்லியல் துறை கண்டெடுத்தவற்றுக்கான இடம் அது. முடிந்தால் பொருநையை முதலில் பார்த்துவிட்டுப் பறம்புக்குப் போகலாம். பொருள்களின் வடிவம் கண்ணில் பதிந்திருந்தால், கண்ணாடிக்குக் கீழே பாதி புதைந்து கிடக்கும் விளிம்பையும் வயிற்றையும் அடையாளம் காண்பது எளிதாகும்.

செல்லும் வழி

திருநெல்வேலி–திருச்செந்தூர் பேருந்துகள் இவ்வழியே செல்கின்றன. தொடர்வண்டியில் வருவோர் செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம் நிலையங்களுள் வசதியான ஒன்றில் இறங்கிக்கொள்ளலாம். பறம்பில் நிழல் குறைவு. கோடையில் காலை வேளையே ஏற்றது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் வேண்டும்.

மேட்டில் நடக்கும்போது தாழி ஓட்டுச் சில்லுகள் காலில் இடறும். விரல் நகம் அழுத்திய தடமோ, கயிறு சுற்றியதுபோன்ற வரியோ சிலவற்றில் தெரியும். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இது மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் மேட்டில் தோண்டுவதும் பொருளை எடுத்துச் செல்வதும் குற்றம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்ட முன் அனுமதி பெற வேண்டும். 114 ஏக்கரில் இதுவரை தோண்டப்பட்டிருப்பது சிறு பகுதியே. மற்றத் தாழிகள் சரளைக்குக் கீழே மூடியபடி இருக்கின்றன.